விழ முடியாத ரோபோ

கால் வைத்த ரோபோ கிட்டுகளை நம்மவர்கள் மோட்டாரை எண்ணித்தான் மதிப்பிடுகிறார்கள். 4 மோட்டார் இருந்தால் சிறுவர்களுக்கு, 8 இருந்தால் கல்லூரி மாணவர்களுக்கு, 18 இருந்தால் கைதேர்ந்தவர்களுக்கு. மோட்டார் கூடக்கூடக் கற்பதும் கூடும் என்ற நம்பிக்கை, விற்பவரிடமும் இருக்கிறது, பள்ளி ஆய்வகத்துக்கு வாங்குபவரிடமும் இருக்கிறது. இந்த வரிசை ஏறத்தாழத் தலைகீழானது என்பது என் கட்சி. அதை நிறுவ மூன்று வகைகளை எடுத்துக்கொள்கிறேன்: ஓட்டோ என்ற இரண்டுகால் ரோபோ, பெட்டோய் நிறுவனத்தின் பிட்டில் என்ற நாலுகால் நாய், பல நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் செய்துதரும் 18 மோட்டார் கொண்ட ஆறுகால் பூச்சி.

முதலில் அளவுகோல். சக்கர ரோபோவுக்கு இல்லாத ஒரே ஒரு சிக்கல் கால் ரோபோவுக்கு உண்டு. ஒரு காலைத் தூக்கிய கணத்தில், அதுவரை அந்தக் கால் சுமந்த எடை எங்கே போகிறது? நடை என்பது இந்தக் கேள்விக்கு நொடிக்கு நொடி சொல்லும் பதில். மற்றதெல்லாம், கம்பி இணைப்பது, நிரல் ஏற்றுவது, கைபேசியிலிருந்து ஓட்டுவது, சக்கர வண்டியிலேயே கற்கக்கூடியவை. ஆகவே ஒரு நடை கிட்டிடம் கேட்கவேண்டியது, அது எத்தனை விதமாக ஆடுகிறது என்பதல்ல. எடைமாற்றத்தின் கணக்கைக் கட்டுபவர் கையில் கொடுக்கிறதா, பெட்டிக்குள்ளேயே பூட்டி வைக்கிறதா?

ஆறுகாலிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் காட்சிக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஒரு காலுக்கு 3 மூட்டு, மொத்தம் 18. மூன்று கால் தரையில் முக்கோணமாக நிற்க, மற்ற மூன்றும் காற்றில் முன்னேறும். ஈர்ப்பு மையம் எப்போதும் அந்த முக்கோணத்துக்குள்ளேயே இருப்பதால் ரோபோ விழுவதில்லை. நிரலில் ஒரு காலின் கோணம் பத்துப் பாகை பிசகினாலும் விழாது, சற்றே கோணலாகப் போகும். இதுதான் அதன் பெருமையாகச் சொல்லப்படுவது. என் பார்வையில் இதுவே அதன் குறை. பிழை செய்தவருக்குப் பிழை தெரிவதில்லை.

போகட்டும், அது தாங்குகிறதா என்று பார்ப்போம். இந்தக் கிட்டுகளில் அடிக்கடி வரும் எம்ஜி996ஆர் சர்வோ மோட்டார் ஒன்றின் எடை 55 கிராம். பதினெட்டுக்கு 990 கிராம். சட்டம், பேட்டரி, பலகை எல்லாம் சேர்த்து 2 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கால் தாங்குகிறது என்றதும் எடையை மூன்றால் வகுக்கத் தோன்றும். ஆனால் அந்த முக்கோணத்தில் ஒரு பக்கம் இரண்டு கால், மறுபக்கம் நடுக்கால் மட்டும். இடவலச் சமநிலைக்கு அந்த ஒற்றைக் கால் ஏறக்குறையப் பாதி எடையை, அதாவது 1 கிலோவைத் தாங்கவேண்டும். மூட்டிலிருந்து பாதம் கிடைமட்டமாக 9 செ.மீ. தள்ளி ஊன்றினால் தேவை 9 கிலோ-செ.மீ. முறுக்குவிசை. 4.8 வோல்ட்டில் இந்த மோட்டாரின் உச்சம் என்று அறிவிக்கப்படுவது 9.4. உச்சம் என்றால் அந்த இடத்தில் மோட்டார் அசையாமல் நின்றுபோகும் என்று பொருள். ஆகவே ஆறுகால் பூச்சி நடக்கும்போது நடுக்கால் மோட்டார்கள் முனகிச் சூடேறுவதில் வியப்பில்லை. மின்சாரமும் அப்படித்தான்: இப்படி முட்டி நிற்கும் ஒரு மோட்டார் 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சில மோட்டார்கள் ஒரே சமயத்தில் திணறினால் போதும், பேட்டரியின் வோல்டேஜ் சரிந்து கட்டுப்பாட்டுப் பலகை ரீசெட் ஆகிவிடும். கட்டுபவர் நிரலைக் குடைந்துகொண்டிருப்பார். நோய் வயரில் இருக்கும்.

இதன் ஆதரவாளர்கள் ஒரு நியாயமான பதிலை வைத்திருக்கிறார்கள். பாதம் எங்கே போகவேண்டும் என்று தீர்மானித்து, அங்கே போக மூன்று மூட்டுகளும் எந்தக் கோணத்தில் திரும்பவேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடும் வடிவியலை இதைப்போல வேறெதுவும் பழக்குவதில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு மேசைமேல் திருகிவைத்த ஒரு ரோபோ கை போதும். பதினெட்டு மோட்டார் எதற்கு?

ஓட்டோவுக்கு வருவோம். கமிலோ பார்ரா பலாசியோ உருவாக்கித் திறந்த மூலமாக வெளியிட்ட வடிவம் இது. முப்பரிமாண அச்சில் எடுத்த சதுரத் தலை, அர்டுயினோ நானோ பலகை, கண்களைப்போல முகத்தில் அமர்ந்த அல்ட்ராசோனிக் சென்சார், 9 கிராம் எடையுள்ள 4 சிறு சர்வோக்கள். முழங்கால் கிடையாது. இடுப்பு மோட்டார் காலை இடவலமாகத் திருப்பும். கணுக்கால் மோட்டார் பாதத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும். அவ்வளவுதான் உடம்பு. பார்த்தவுடன் பொம்மை என்று ஒதுக்கத் தோன்றும்.

அதன் நடை நிரலைத் திறந்து பார்த்தால் அந்த எண்ணம் மாறும். நான்கு மோட்டார்களும் நான்கு சைன் அலைகளில் ஆடுகின்றன. இடுப்பு இரண்டும் 30 பாகை வீச்சில், கணுக்கால் இரண்டும் 20 பாகை வீச்சில். இடுப்பு அலைக்கும் கணுக்கால் அலைக்கும் 90 பாகைக் கட்ட வேறுபாடு. இந்த அலையியக்கிக்கான நிரலை எழுதியவர் ஸ்பெயினின் ஹுவான் கோன்சாலெஸ் கோமெஸ். கால்களே இல்லாத பாம்பு ரோபோக்களின் நகர்வை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். பாம்புக்கு வளர்த்த சிந்தனை இரண்டுகால் பொம்மைக்குப் பொருந்திப்போனது தற்செயல் அல்ல. உயிரினங்களின் நரம்பு மண்டலத்திலும் நடையின் தாளத்தை மூளையின் ஆணைக்குக் காத்திராமல் தண்டுவடச் சுற்றுகளே பெருமளவு எழுப்புகின்றன.

அந்த 90 பாகையில்தான் இந்தக் கிட்டின் மொத்த மதிப்பும் இருக்கிறது. கணுக்கால்கள் உடம்பை ஒரு பக்கமாக முழுதும் சாய்த்து, எடையெல்லாம் ஒரு பாதத்தில் இறங்கிய கணத்தில், இடுப்பு தன் வீச்சின் நடுவில், அதாவது அதிவேகத்தில் திரும்புகிறது. தூக்கிய பாதம் முன்னே போகிறது. மறு அரைச்சுற்றில் இதே கதை மறு பாதத்துக்கு. இப்போது கட்ட வேறுபாட்டைச் சுழியாக்கிப் பாருங்கள். நான்கு மோட்டாரும் முன்பு போலவே ஆடும், ஓசையும் அதேதான், ஆனால் ரோபோ நின்ற இடத்திலேயே தத்தளிக்கும். போன வழியிலேயே அப்படியே திரும்பி வரும் அசைவு எதையும் நகர்த்தாது. கணுக்காலின் கட்டத்தில் குறியை மாற்றினால் பின்னோக்கி நடக்கும். வீச்சைக் கூட்டினால் ஒரு எல்லைக்குமேல் பக்கவாட்டில் சாய்ந்து பொத்தென்று விழும். மூன்று சோதனைகளையும் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு மாலையில் செய்துவிடலாம். எடைமாற்றத்தின் கணக்கு முழுவதும் நாலைந்து எண்களில், கண் முன்னால், தொட்டு மாற்றும்படி கிடக்கிறது. ஆறுகாலின் ஆயிரக்கணக்கான வரிகளில் இந்தத் தெளிவு எங்கும் இல்லை.

ஓட்டோ குறையற்றது என்று சொல்லவில்லை. பாதம் உடம்பின் அளவுக்குப் பெரிதாக இருப்பது ஒரு சலுகை. அதனால்தான் ஒற்றைக்காலில் நிற்கமுடிகிறது. வழவழப்பான தரையில் வழுக்கும், பாயில் தடுக்கும். மலிவான சர்வோவின் பிளாஸ்டிக் பல்சக்கரம் நாலு முறை கையால் திருகினால் உடைந்துபோகும். ஆனால் உடைந்தது சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிற சாதாரணப் பொருள். மாற்றிவிட்டு மேலே போகலாம்.

பிட்டில் இன்னொரு தரத்தைச் சேர்ந்தது. ரோங்ஜோங் லீ தொடங்கிய ஓப்பன்கேட் திட்டத்தின் வாரிசு, 2020இல் வெளிவந்தது. கால்களுக்கு 8 சர்வோ, தலைக்கு ஒன்று, மொத்த எடை 300 கிராமுக்கும் குறைவு. உடம்பின் சாய்வை உணரும் சென்சார் உண்டு. காலின் மேற்பகுதியில் அதிர்ச்சி தாங்க ஒரு ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். இந்தச் சிறு ஸ்பிரிங்கில் நடையைப் பற்றி யோசித்த மனம் தெரிகிறது. சிறிய உடம்புக்குரிய லாபமும் இதற்கு முழுதாகக் கிடைக்கிறது. உருவம் பாதியானால் எடை எட்டில் ஒன்றாகிறது, உறுப்புகளின் வலிமையோ நான்கில் ஒன்றாகத்தான் குறைகிறது. அதனால் மேசையிலிருந்து விழுந்தாலும் எழுந்து நடக்கும்.

நான்கு கால் என்பது வடிவியலில் ஓர் இடக்கான எண். சதுரமாக நிற்கும் நான்கில் ஒன்றைத் தூக்கினால் ஈர்ப்பு மையம் மிச்ச முக்கோணத்தின் விளிம்பின் மீதே வந்து நிற்கும். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. ஆகவே காலைத் தூக்கும் முன் உடம்பை நகர்த்தவேண்டும். குறுக்கு ஜோடிகளாகத் தூக்கி ஓடினால் முக்கோணமும் போய் ஒரு கோடு மட்டுமே மிஞ்சும். அந்த ஓட்டத்தை மிக மெதுவாக்கினால் சாயும், விரைவாக்கினால் சாயும் முன்பே அடுத்த ஜோடி வந்து ஊன்றிவிடும். நிற்கும் சமநிலை வேறு, ஓடும் சமநிலை வேறு என்பதை மூன்று கிட்டுகளில் இது ஒன்றுதான் காட்டுகிறது.

காட்டுகிறது, சரி, கையில் கொடுக்கிறதா? இங்கேதான் பிட்டில் சறுக்குகிறது. ஒவ்வொரு நடையும் எட்டு எட்டுக் கோணங்களாக அடுக்கிய அட்டவணை. படைத்தவர்கள் அதற்கு உள்ளுணர்வு என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஓர் ஆணை அனுப்பினால் அட்டவணை ஓடும், நாய் நடக்கும். அந்த எண்கள் ஏன் அப்படி வந்தன என்பதற்கு எண்களே விடை சொல்வதில்லை. வாங்கிய அன்றே நடக்கிற இந்த வசதி, பலரை அங்கேயே நிறுத்திவிடும். முழுதாகப் பொருத்தியே வாங்கும் வகையும் உண்டு என்பதால், கிட்டின் ஒரே கட்டாயப் பாடமும் சிலருக்கு நழுவிவிடும். அந்தப் பாடம் காலிப்ரேஷன். சர்வோ தண்டில் பற்கள் இருப்பதால் காலை நினைத்த கோணத்தில் மாட்டமுடியாது. கிட்டத்தட்ட மாட்டி, மிச்சப் பாகைகளை நிரலில் ஈடுகட்டவேண்டும். எட்டு மூட்டிலும் இதைச் செய்யாத பிட்டில் நொண்டும். அப்புறம், அதன் சர்வோக்கள் அந்த நிறுவனத்துக்கே உரியவை. ஒன்று போனால் கடைத்தெருவில் தேடிப் பயனில்லை.

பெரும்பாலும் மூன்றுக்கும் பொதுவான ஒரு குற்றச்சாட்டு மிச்சமிருக்கிறது. இந்தச் சர்வோக்களுக்கு மூன்றே வயர்: இரண்டு மின்சாரத்துக்கு, ஒன்று ஆணைக்கு. வினாடிக்குப் பல முறை கோணத்தைச் சொல்கிறோம். அங்கே போனதா, பாதம் தரையைத் தொட்டதா, எதிலாவது முட்டியதா, ஒன்றும் திரும்பி வருவதில்லை. ஆகவே இவை தரையில் நடப்பதாகச் சொல்வதைவிட, மனப்பாடம் செய்ததைத் தரை இருக்கிறதென்ற நம்பிக்கையில் ஒப்பிக்கின்றன என்பதே சரி.

விலைக்குத் தக்கது அவ்வளவுதான், பெரிய ஆய்வகங்களின் ரோபோக்களோடு ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். பெரியதோடு ஒப்பிடவில்லை. 1989இல் எம்.ஐ.டி.யில் ராட்னி புரூக்ஸ் குழு கட்டிய கெங்கிஸ் என்ற ஆறுகால் ரோபோவோடு ஒப்பிடுகிறேன். 35 செ.மீ. நீளம், 1 கிலோ எடை, விளையாட்டு விமானங்களுக்கான 12 சர்வோக்கள், நான்கு 8 பிட் சிப்புகள். இன்றைய கிட்டின் மூதாதை என்றே சொல்லலாம். அவர்கள் செய்த ஒரு காரியம்: சர்வோவுக்குள்ளே, கேட்ட கோணத்துக்கும் கிடைத்த கோணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் சமிக்ஞையிலிருந்து ஒரு வயரை வெளியே இழுத்தார்கள். அதிலிருந்து குறியையும் சேர்த்து வெறும் 5 பிட் அளவில், காலின் மீது எவ்வளவு பாரம் என்ற முரட்டு மதிப்பு கிடைத்தது. மேடுபள்ளத்தில் ஏறி இறங்க அது உதவியது. 35 ஆண்டுகளுக்கு மேலாகியும், அதைவிடப் பலமடங்கு திறனுள்ள சிப்பை வைத்துக்கொண்டு ஆறு மோட்டார் கூடுதலாகக் கொடுக்கும் கிட், அந்த ஒற்றை வயரைக் கொடுக்காமல் விடுவதற்கு விலை காரணமல்ல. விளம்பரப் படத்தில் வயர் தெரியாது, மோட்டார் தெரியும்.

ஆகவே என் வரிசை இது. முதலிடம் ஓட்டோவுக்கு, வயது எதுவானாலும். அதன் நடையை முழுதும் ஒரே மூச்சில் மனத்தில் ஏந்தமுடிகிறது. தவறினால் விழுந்து காட்டுகிறது. இரண்டாமிடம் பிட்டிலுக்கு, ஒரு நிபந்தனையோடு: பிரித்த நிலையில் வாங்கி, காலிப்ரேஷன் முடித்து, தயார் அட்டவணைகளை அப்புறப்படுத்திவிட்டு ஒரே ஒரு நடையையாவது சொந்தமாக எழுத எண்ணமிருந்தால். அந்த எண்ணம் இல்லாதவருக்கு அது அழகான, விலையுயர்ந்த பொம்மை. ஆறுகால் கடைசி. மூட்டின் நிலையையும் சூட்டையும் திருப்பிச் சொல்லும் பஸ் சர்வோக்கள் கொண்ட வகைகள் அதில் சற்று மேல். எதையும் திருப்பிச் சொல்லாத வகையை நடை கற்க வாங்கவேண்டாம். ஏற்கனவே வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர்கள், ஆறு பாதங்களிலும் ஒரு சிறு ஸ்விட்ச் பொருத்தி, பாதம் தரையைத் தொட்டதும் கால் இறங்குவதை நிறுத்தும்படி நிரலை மாற்றி, தரையில் சில புத்தகங்களைப் பரப்பி அதன்மேல் விட்டுப் பார்க்கலாம். அதைச் செய்த ஆறுகாலை நான் பிட்டிலுக்கு மேலேயே வைப்பேன்.