டெர்மினல் அடுக்கும் கோப்புகள்: மலையகத்துக்கு எந்த மரபு?

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. அப்போது ஹட்டனிலோ நுவரெலியாவிலோ வீட்டிலிருந்து மென்பொருள் வேலை பார்த்த எவருக்கும் ஒன்று விளங்கியிருக்கும்: லைன் அறுவது வேறு, கரண்ட் போவது வேறு.

லைன் அறுவதற்கு மருந்து பழையது. பெர்லினில் லாவ்மனும் போர்மனும் 1987இல் எழுதிய ஸ்கிரீன், தூரத்து சர்வரில் நம் டெர்மினல் செசனை உயிரோடு வைத்திருக்கும். 2007இல் நிக்கொலஸ் மரியட் தொடங்கிய டிமக்ஸும் அதையே இன்னும் செம்மையாகச் செய்கிறது. ஆனால் நம் மேசைக் கணினியில் ஓடும் செசன் நினைவகத்தில் மட்டுமே இருக்கிறது. கரண்ட் போனால் அதுவும் போய்விடும். அதை மறுபடி எழுப்ப ஒரு கோப்பு வேண்டும்.

டிமக்ஸ் கட்டளைகளை வரிசையாக ஷெல் ஸ்கிரிப்டில் எழுதிவைப்பது ஒரு மரபு; அதை நான் மதிக்கிறேன். டிமக்ஸுக்கு மேல் எதையும் நிறுவ வேண்டியதில்லை. ரீலோட் போட்டு டேட்டா பாவிக்கும் வீட்டில் அது பெரிய காரியம். ஒரு பிழை மட்டும் அடிக்கடி நேர்கிறது. ஸ்கிரிப்டை இரண்டாம் தடவை ஓட்டினால், அந்தப் பெயரில் செசன் ஏற்கெனவே உண்டு என்று முதல் கட்டளை நின்றுவிடும்; மீதிக் கட்டளைகள் திறந்திருக்கும் செசனிலேயே போய் விழும். செசன் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இருந்தால் இணைந்துகொள்ளும் ஸ்கிரிப்டே தேறும்.

டிமக்சினேட்டர், டிமக்ஸ்பி என்ற கருவிகள் வேறு மரபு. யார் எந்த மலைக்கு, யார் கவாத்துக்கு என்று தோட்டத்துப் பெரட்டில் பிரித்துவிடுவதுபோல, செசனின் பெயர், தொடங்கும் ஃபோல்டர், எந்த ஜன்னலில் எடிட்டர், எதில் சர்வர், எதில் லொக் என்று யாம்ல் கோப்பில் வரிவரியாக எழுதிவிடலாம். உள்தள்ளலுக்கு டேப் போட்டால் கோப்பு ஓடாது, இடைவெளிதான் போட வேண்டும். கையால் அடுக்கிய செசனை அப்படியே கோப்பாக்கும் கட்டளையும் டிமக்ஸ்பியில் உண்டு. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் யாம்ல் கோப்பையே சொல்வேன்: அடுத்தவர் வாசித்துப் புரிந்துகொள்ளலாம்.

செசனின் கடைசி நிலையைச் சேமித்து மீட்கும் டிமக்ஸின் ரிசரெக்ட் செருகுநிரல் வசதியானதுதான். ஆனால் நேற்றைய குப்பையையும் சேர்த்தே மீட்கும்.

எந்த மரபானாலும் கோப்பு கிட்டில் (Git) இருக்க வேண்டும், கடவுச்சொல் அதில் இருக்கவே கூடாது. தரவுத்தளத்தை மாற்றும் கட்டளை தானாக ஓடவும் விடக்கூடாது. டிமக்ஸில் கட்டளையை மட்டும் அனுப்பி, என்டரை அனுப்பாமல் விடலாம். டிமக்ஸ்பி கோப்பில் அதற்கென்றே தனி அமைப்பு இருக்கிறது.