லண்டன் ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செத்தார்களா?

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றாலே கையில் விளக்கோடு நிற்கும் பெண்தான் நம் நினைவுக்கு வருவார். ஆனால் அவர் கணக்கில் புலி. அவருடைய 'நோட்ஸ் ஆன் ஹாஸ்பிட்டல்ஸ்' நூலின் மூன்றாம் பதிப்பில் (1863) ஓர் அட்டவணை வருகிறது. முதல்முறை பார்த்தபோது தூக்கிவாரிப் போட்டது. 1861-ல் லண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு விகிதம் 90.84 சதவீதம்!

அப்படியானால் உள்ளே போன நூறு பேரில் ஒன்பது பேர்தான் வீடு திரும்பினார்களா? இல்லைங்க. வகுத்தலைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்.

மேலே இருப்பது அந்த வருஷம் முழுக்க நடந்த இறப்புகள்: 3,828. கீழே இருப்பது 1861 ஏப்ரல் 8 அன்று, அந்த ஒரே நாளில், படுக்கையில் இருந்தவர்கள்: 4,214. சாவுக்கு வருஷக் கணக்கு, ஆளுக்கு ஒருநாள் கணக்கு. ஒரு படுக்கையில் வருஷத்துக்குப் பத்து நோயாளிகள் வந்துபோனதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 42,140 பேர். அப்போது இறப்பு சுமார் 9 சதவீதம்தான்.

இந்தக் கணக்கைத் தந்தவர் வில்லியம் ஃபார், அந்தக் காலப் புள்ளியியல் மேதை. இதைத் தப்பு என்றே தள்ளிவிட முடியாது. 'ஒரு படுக்கைக்கு, ஒரு வருஷத்துக்கு இத்தனை இறப்பு' என்று படித்தால் அது நியாயமான அளவுதான். ஒப்பிட ஆரம்பிக்கும்போதுதான் சிக்கலே. அதே அட்டவணையில் 25 மாவட்ட மருத்துவமனைகளுக்கு 39.41, ராணுவ, கடற்படை மருத்துவமனைகளுக்கு 15.67. பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? பெருநகர ஆஸ்பத்திரி என்றால் கொலைக்களம் என்றுதானே!

இப்போது இரண்டு மருத்துவமனைகளைக் கற்பனை செய்யுங்கள். இரண்டிலும் பத்து நோயாளிக்கு ஒருவர் இறக்கிறார். முதலாவதில் ஒருவர் சராசரியாக 36 நாள் தங்குகிறார், இரண்டாவதில் 90 நாள். ஃபார் முறைப்படி முதலாவதுக்குக் கிட்டத்தட்ட 100 சதவீதம், இரண்டாவதுக்கு 40. சிகிச்சையில் துளி வித்தியாசம் இல்லை. தங்கிய நாள்தான் வேறு.

போதாததுக்கு, வருகிற நோயாளியும் ஒரே மாதிரி இல்லை. லண்டனுக்கு விபத்தும் முற்றிய நோயும் வரும். ராணுவ மருத்துவமனைக்கு உடல் தகுதி பார்த்துச் சேர்த்த இளைஞர்கள் வருவார்கள். அப்போதே ஜான் பிரிஸ்டோ, டிமதி ஹோம்ஸ் போன்ற மருத்துவர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள்.

சரி, வந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் தீர்ந்ததா? அதிலும் ஓட்டை உண்டு. சாகப்போகிறவரை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிட்டால் மருத்துவமனையின் விகிதம் அழகாகக் குறைந்துவிடும்.

சுத்தமும் காற்றோட்டமும் வேண்டும் என்று நைட்டிங்கேல் சொன்னது சரி. எல்லா மருத்துவமனைகளும் ஒரே படிவத்தில் கணக்கு வைக்கவேண்டும் என்று போராடியதும் அவர்தான். ஆனால் சரியான வாதத்துக்கு அந்த 90.84 நல்ல சாட்சி இல்லை.

எங்கள் வீட்டில் ஒருவருக்கு இதய ஆப்பரேஷன் என்றபோது, இரண்டு மருத்துவமனைகளின் இறப்பு சதவீதத்தை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விவாதித்தோம். அதிகம் காட்டிய இடம், மற்றவர்கள் கைவிட்ட கேஸ்களையும் சேர்த்துக்கொள்ளும் இடம் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து எந்த சதவீதத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எதால் வகுத்தீர்கள்?