ஆறு ‘சி’க்களும் எட்டு நோயாளிகளும்

இங்கிலாந்தில் செவிலியரின் கனிவு ஓர் அரசுக் கொள்கையாக மாறியதற்கு ஸ்டாஃபோர்டு மருத்துவமனைதான் முக்கியக் காரணம். 2005 முதல் 2009 வரை அங்கே நடந்தவற்றை வழக்கறிஞர் ராபர்ட் பிரான்சிஸ் இரண்டு முறை விசாரித்தார். நோயாளியின் கைக்கு எட்டாத இடத்தில் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போவார்கள்; பிறகு வந்து, தொடாத தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போவார்கள். மணி அடித்தும் ஆள் வராமல் படுக்கையிலேயே மலசலம் கழித்துக் கிடந்தவர்கள் உண்டு. குடும்பத்தார் சொன்ன சாட்சியம் இது. பொது விசாரணையின் அறிக்கை 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு வந்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்பே தலைமைச் செவிலிய அதிகாரி ஜேன் கம்மிங்ஸ் ‘ஆறு சி’ திட்டத்தை அறிவித்துவிட்டார். பராமரிப்பு, கனிவு, திறமை, தகவல் தொடர்பு, துணிச்சல், அர்ப்பணிப்பு. ஆங்கிலத்தில் ஆறும் ‘சி’யில் தொடங்கும் என்பதால் சுவரொட்டிக்கு வசதி. கேலி செய்வது சுலபம். ஆனால் கனிவோடு துணிச்சலையும் சேர்த்ததற்காக அந்தப் பட்டியலைப் பாராட்டத்தான் வேண்டும். ஸ்டாஃபோர்டின் அவசரப் பிரிவில் வேலை பார்த்த ஹெலன் டோனலி என்ற நர்ஸ், நோயாளிகள் காத்திருந்த நேரத்தைப் பொய்யாக எழுதச் சொல்கிறார்கள் என்று மேலிடத்தில் புகார் செய்தார். அதன்பிறகு இரவு டூட்டி முடிந்து தனியாகக் கார் வரை நடக்கவே பயந்து, வீட்டாரை வரச் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே அக்கறையுள்ளவர்கள் இருந்தார்கள். வாயைத் திறந்தவர்களுக்குத்தான் பாதுகாப்பு இல்லை.

இந்தக் காலத்தில் எழுந்த முயற்சிகளில் உருப்படியானது என்று நான் நினைப்பது கேட் கிரேஞ்சருடையது. அவர் முதியோர் மருத்துவர். தீராத புற்றுநோய் வந்தவர். 2013 ஆகஸ்டில் நோயாளியாகப் படுத்திருந்தபோது, கட்டிலருகே வந்து போனவர்களில் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தார். ‘வணக்கம், என் பெயர் இன்னது’ என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள் என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது. 2016இல் அவர் இறப்பதற்குள் நாடெங்கும் அது பரவிவிட்டது. காசு செலவில்லை, நேரமும் போகாது. பெயர் தெரிந்த நர்ஸை நோயாளி தயங்காமல் கூப்பிடுவார். வலி மருந்து இதோ வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனது யார் என்று கேட்கவும் அவரால் முடியும். நம்மூர் வார்டுகளில் நர்ஸ் எல்லோரும் ‘சிஸ்டர்’, நோயாளி வெறும் பெட் நம்பர். இங்கே இதைத் தொடங்க யாருடைய ஆணையும் தேவையில்லை.

ஆனால் பெட் நம்பர் பழக்கம் கல்நெஞ்சால் மட்டும் வந்ததல்ல. லண்டனில் ஒரு போதனா மருத்துவமனையை ஆராய்ந்து உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ் 1960இல் எழுதியது இன்றும் பொருந்துகிறது. ஒருவர் எல்லோருக்கும் காய்ச்சல் பார்ப்பது, இன்னொருவர் எல்லோருக்கும் மாத்திரை கொடுப்பது, நோயாளியைக் கட்டில் எண்ணாலோ கெட்டுப்போன உறுப்பாலோ குறிப்பிடுவது ஆகிய ஏற்பாடுகளெல்லாம் நாள்தோறும் வேதனையையும் சாவையும் பார்க்கும் செவிலியரின் மனப்பதற்றத்துக்கு ஒரு தடுப்பு என்றார் அவர். கனிவு வகுப்பு நடத்துகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மனதைத் திறந்து பேசு என்று பயிற்சி கொடுத்துவிட்டு, பேசியதால் வரும் பாரத்தை இறக்கிவைக்க இடமும் நேரமும் கொடுக்காவிட்டால், அந்த நர்ஸ் ஒன்று மறுபடியும் மரத்துப்போவார், இல்லையென்றால் வேலையை விட்டுப் போவார்.

நர்ஸுகள் மணிக்கொரு தடவை ரவுண்ட்ஸ் போகும் முறைக்கு நேர்ந்தது இன்னொரு பாடம். 2012 ஜனவரியில் பிரதமர் டேவிட் கேமரனே முன்னின்று பரிந்துரைத்தது அது: வலி இருக்கிறதா, கழிவறைக்குப் போக வேண்டுமா, தண்ணீர் எட்டுகிறதா என்று கேட்டுவிட்டுப் படிவத்தில் குறிக்க வேண்டும். தண்ணீர் எட்டுகிறதா என்பது ஸ்டாஃபோர்டில் யாரோ கேட்டிருக்க வேண்டிய கேள்விதான். ஆனால் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2019இல் சொன்ன முடிவு, அது பராமரிப்பைவிடக் கட்டத்தில் டிக் போடுவதற்கே முன்னுரிமை கொடுக்கிறது என்பது. நாளை விசாரணை வந்தால் காட்ட ஒரு காகிதம்.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஆள் கணக்கு. 2006–07இல் ஒரு கோடி பவுண்டு மிச்சம் பிடிக்க, ஸ்டாஃபோர்டு நிர்வாகம் 150 பணியிடங்களுக்கு மேல் வெட்டியது. ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் அறுவைச் சிகிச்சை நோயாளிகளை வைத்து லிண்டா எய்க்கன் குழு நடத்திய ஆய்வு 2014இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், சேர்ந்த 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று அது கண்டது. பேசப் பழக்குவது வேண்டாம் என்பதல்ல என் வாதம். கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது, கோபமாக வரும் உறவினரை எப்படி உட்காரவைப்பது என்பவை கற்றுத் தரக்கூடிய, கற்றுத் தர வேண்டிய வேலைத்திறன்கள். கனிவுக் குறைவு என்ற பழியை நர்ஸ் தலையில் கட்டிவிட்டு, ஆள் குறைப்புக்குக் கையெழுத்துப் போட்டவர் நழுவிவிடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

பகலில் ஒரு நர்ஸுக்கு எட்டு நோயாளிகளுக்கு மேல் போனால் ஆபத்து கூடும் என்று, இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2014இல் எச்சரித்தது. மறு ஆண்டே, ஆள் எண்ணிக்கை பற்றிய அதன் பணியை இங்கிலாந்து நிறுத்திவைத்தது. வேல்ஸோ 2016இல் நர்ஸ் எண்ணிக்கைக்கென்று சட்டமே இயற்றியது.