45 நிமிடங்கள் யாருடையவை?

சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்கப் போகும் பெண்கள் தூக்கம் வரவில்லை என்று சொன்னால், முன்பெல்லாம் "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்பார்கள். இப்போது "மைண்ட்ஃபுல்னெஸ் செய்யுங்க" என்கிறார்கள். பழைய அறிவுரைக்கு இப்போது ஒரு பெயரும் ஒலிப்பதிவும் கால அட்டவணையும் கிடைத்திருக்கின்றன. எனக்கும் சொன்னார்கள். நானும் செய்தேன், பயனும் கிடைத்தது. அதனால் அந்தப் பயிற்சியை ஏளனம் செய்யும் எண்ணம் எனக்கில்லை. அது எப்படிப்பட்ட வீட்டை மனதில் வைத்து வகுக்கப்பட்டது, எதைக் கேட்காமல் விடுகிறது என்பதுதான் என் கேள்வி.

இன்று மருத்துவமனைகளில் புழங்கும் வடிவம் 1979இல் தொடங்கியது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், நாள்பட்ட வலியோடு வாழ்பவர்களுக்காக ஜான் கபாட்-ஜின் 8 வார வகுப்பு ஒன்றை உருவாக்கினார். வாரம் ஒருநாள் கூடிப் பயில வேண்டும். வீட்டில் வாரத்துக்கு 6 நாட்கள், நாளுக்கு 45 நிமிடம் அளவில் தனியே செய்ய வேண்டும். கண்ணை மூடிப் படுத்து, கால்விரலிலிருந்து உச்சந்தலை வரை உடலின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தைக் கொண்டுபோவது இதில் முக்கியமானது. இன்னொன்று புகழ்பெற்றது: ஒரே ஒரு உலர்திராட்சையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, மெல்ல மென்று தின்பது. உண்ணும் செயலைக் கவனித்துச் செய்யக் கற்றுக்கொடுப்பது அதன் நோக்கம்.

அந்தத் திராட்சையிலேயே எனக்கு இடறியது. உணவைக் கவனிக்காதவர்கள் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் யாரையும் சொல்ல முடியாது. யாருக்கு உப்புக் குறைய வேண்டும், யாருக்கு ரசம் மட்டும் போதும், நாளைக்கு மாவு இருக்கிறதா என்பதெல்லாம் அவர்கள் கவனத்தில்தான் இருக்கிறது. கவனம் இல்லாமல் போவது அவர்களுடைய சொந்தத் தட்டில். எல்லோரும் சாப்பிட்ட பிறகு, பத்தரை மணிக்கு, அடுப்படியில் நின்றபடியே, மிஞ்சியதை வழித்துப் போட்டுக்கொள்கிறவள் ஒரு திராட்சையை எவ்வளவு மெதுவாக மென்றாலும் அவளுடைய சாப்பாட்டு நேரம் மாறாது. இரவு தாமதமாக அரிசிச் சோறு உண்டு உடனே படுப்பவளின் காலைச் சர்க்கரை ஏறி நிற்பதற்கு மனம் அலைவது மட்டும் காரணமல்ல.

அடுத்தது 45 நிமிடம். இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். அப்படி ஈடுபட்ட ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான்; பெண்கள் 81 பேர். இந்தக் கணக்கில் 45 நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது? பெரும்பாலான பெண்கள் எடுக்கக்கூடிய ஒரே இடம் தூக்கம். நானும் அதைத்தான் செய்தேன். தூக்கம் வருவதற்கான பயிற்சியைச் செய்ய அதிகாலை நாலே காலுக்கு அலாரம் வைத்தேன்.

பயிற்சியால் என்ன கிடைக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2015இல் அமெரிக்காவில், தூக்கக் குறைபாடுள்ள வயது முதிர்ந்த 49 பேரிடம் நடந்த ஒரு சோதனையில், 6 வாரம் இதைப் பயின்றவர்களின் தூக்கம், தூக்க ஒழுங்கு பற்றிய வகுப்புக்குப் போனவர்களைவிட மேம்பட்டது. நெதர்லாந்தில் சர்க்கரை நோயோடு மனநலமும் குன்றியிருந்த 139 பேரிடம் நடந்த சோதனை 2013இல் வெளியானது. பயின்றவர்களுக்கு மன அழுத்தமும் பதற்றமும் குறைந்தன. ஆனால் மூன்று மாதச் சர்க்கரை அளவான ஹெச்பிஏ1சி குறிப்பிடும்படி மாறவில்லை. அதாவது இது மனபாரத்தைக் கொஞ்சம் இறக்கிவைக்கும். சர்க்கரையையும் இறக்கிவிடும் என்று நம்பி இருக்க முடியாது.

தூக்கத்துக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்போ உண்மையானது. 1999இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 11 பேரைத் தொடர்ந்து 6 இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்கவிட்டார்கள். அவர்கள் உடல் குளுக்கோஸைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்தது. மாலையில் கார்டிசால் கூடியது. பிறகு 12 மணி நேரம் படுக்கவிட்ட இரவுகளில் நிலைமை சீரடைந்தது. அந்த 11 பேரும் ஆரோக்கியமான இளைஞர்கள். ஒருவர்கூடப் பெண் இல்லை. ஆய்வு முடிந்ததும் அவர்களுக்கு ஈடுசெய்யும் இரவுகள் கொடுக்கப்பட்டன. கைக்குழந்தைக்காக விழித்து, பிறகு பரீட்சை எழுதும் பிள்ளைக்காக விழித்து, பிறகு படுக்கையில் விழுந்த மாமியாருக்காக விழித்தவளுக்கு அந்த ஈட்டு இரவுகளை எந்த வீடும் கொடுத்ததில்லை. ஐம்பது வயதில் அவள் தூங்க முடியாமல் கிடக்கும்போது, 'மனதை அடக்கத் தெரியவில்லை' என்கிறோம். முப்பது வருடம் காதைத் தீட்டிவைத்துக்கொண்டு படுக்கப் பழக்கப்பட்டவள் அவள்.

என் கோபத்துக்குக் காரணமான இரவைச் சொல்கிறேன். அன்று வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். சோறு பற்றவில்லை. இரவுக்கான கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இரண்டு கரண்டி தயிர்ச் சோற்றோடு படுத்துவிட்டேன். இரண்டரை மணிக்கு நைட்டி நனைய வியர்த்து, நெஞ்சு படபடக்க விழித்தேன். பதற்றம் என்றே நினைத்தேன். கற்றுக்கொடுத்தபடி மூச்சைக் கவனித்தேன்; எண்ணம் வந்தால் வரட்டும், போகட்டும் என்று விட்டேன். கை நடுங்கியது. அதையும் 'தீர்ப்புச் சொல்லாமல்' கவனித்தேன். தண்ணீர் குடிக்க எழுந்த மகள் பார்த்துவிட்டு, "ஏம்மா இப்படி வேர்த்திருக்கு?" என்று குளுக்கோமீட்டரை எடுத்து வந்தாள். 54. எழுபதுக்குக் கீழே போனாலே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஒலிப்பதிவைக் கொடுத்தவர்கள் இதைச் சொல்லித் தரவில்லை. அந்த மாத்திரை தின்கிறவள் இரவில் சாப்பிட்டாளா என்றும் கேட்கவில்லை.

இதுதான் ஆபத்து. பெண்ணின் உடல் சொல்வதை மனதின் பிரச்சினையாக மாற்றும் பழக்கம் மருத்துவத்துக்குப் புதிதல்ல. புதிய பயிற்சி அந்தப் பழக்கத்துக்கு மரியாதையான பெயரைக் கொடுத்துவிடுகிறது. சர்க்கரை கூடினால் இரவில் நாலு முறை சிறுநீர் கழிக்க எழ வேண்டிவரும். நரம்பு பாதித்தால் பாதம் எரியும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடல் கொதிக்கும். குறட்டையோடு மூச்சு அடைபட்டு விழிப்பு வரலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு. கழிப்பறை வீட்டுக்கு வெளியே கொல்லையில் இருக்கிற பெண், இருட்டுக்குப் பயந்து மாலை ஆறு மணிக்கே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். அவளுக்குத் தேவை ஒரு விளக்கும் ஒரு கதவும்.

நோயாளியைத் திருத்துவதற்குப் பதில் ஏற்பாட்டைத் திருத்த முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. வரிசையில் பொறுமையாக நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று யாரும் சொல்லவில்லை, மருந்தை நகர்த்தினார்கள். அதைச் சுமந்து தெருத்தெருவாக நடப்பவர்களும் பெண் தன்னார்வலர்கள்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்தப் பயிற்சியின் வேர் பௌத்தத்தில் இருக்கிறது. அங்கே பெண்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் வேறு கதை கிடைக்கிறது. பௌத்தப் பிக்குணிகளின் பாடல்களான தேரிகாதையில் முத்தா என்பவர், உரல், உலக்கை, கணவன் மூன்றிலிருந்தும் விடுபட்டதைத் தன் விடுதலையோடு சேர்த்தே சொல்கிறார். நம் மணிமேகலை கண்ணை மூடி உட்கார்ந்துவிடவில்லை. பசித்தவர்களுக்குச் சோறிட்டாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றவைத்தாள். நமக்கு வந்து சேர்ந்த பயிற்சி உரலையும் உலக்கையையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அவற்றின் நடுவே அமைதியாக இருக்கச் சொல்கிறது.

நான் இன்றும் படுத்தபடி கால்விரலிலிருந்து உடலைக் கவனிக்கிறேன். பாதத்தில் ஒரு பகுதி மரத்துப்போயிருப்பதை அப்படித்தான் முதலில் கண்டுபிடித்தேன். மறுவாரமே மருத்துவரிடம் காட்டினேன். உடல்மீது வைக்கும் கவனம் இப்படிப் பயன்பட்டால் அது நமக்கு நல்ல கருவி. அலாரத்தை எடுத்துவிட்டேன். இரவு எட்டு மணிக்கு முதல் தட்டு என்னுடையது. விருந்தாளி இருந்தாலும் அப்படித்தான். மாமியார் இரவில் கூப்பிட்டால் ஒருநாள் நான், ஒருநாள் அவர் மகன். இதற்கு எட்டு வாரத்துக்கு மேலாகச் சண்டை போட வேண்டியிருந்தது. முதல் மாதம் அவருக்குத் தூக்கம் கெட்டது. காலையில் தலைவலி என்றார். மூச்சைக் கவனிக்கச் சொல்லி அவருக்கு யாரும் ஆலோசனை தரவில்லை. "நைட்டுக்கு ஒரு ஆள் வைக்கலாமே" என்றார்கள்.