தயாளனும் ஒரு டிக் மார்க்கும்

போன வாரம் 'சாட்டை' படத்தை மறுபடி பார்த்தேன். 2012-ல் அம்பத்தூரில் தியேட்டரில் பார்த்துக் கைதட்டியவன்தான் நான். இந்த முறை கை எழவில்லை.

அன்பழகன் இயக்கிய அந்தப் படத்தில் சமுத்திரக்கனி, தயாளன் என்கிற இயற்பியல் ஆசிரியர். உருப்படாது என்று விடப்பட்ட அரசுப் பள்ளியை ஒற்றை ஆளாக நிமிர்த்துகிறார். எதிரே தம்பி ராமையாவின் உதவித் தலைமையாசிரியர். ஒருவர் தியாகி, இன்னொருவர் வில்லன். பிள்ளைகளை மட்டம்தட்டுவதே பெரிய வன்முறை என்று சொன்ன வகையில் அது நல்ல படம்தான். 2019-ல் வந்த 'ராட்சசி' இன்னும் ஒரு படி மேலே போனது. பள்ளியைத் திருத்த வரும் கீதாராணிக்கு ராணுவப் பின்னணியே தேவைப்பட்டது. பி.எட். போதாது போல!

ஆசிரியரின் அறத்தைத் தியாகமாக்கிவிட்டால், தியாகி இல்லாதவர்கள் எளிதாகத் தப்பித்துவிடலாம். 'நான் என்ன தயாளனா?' என்று கேட்டால் முடிந்தது. ஆனால், 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 24-ஆம் பிரிவில் ஆசிரியரிடம் கேட்பது சாகசம் இல்லை. நேரத்துக்கு வரணும், பாடத்தை முடிக்கணும், ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் கவனித்துத் தேவையானால் கூடுதலாகச் சொல்லித்தரணும், பெற்றோரிடம் பேசணும். அவ்வளவுதான்.

ஆவடியும் பூந்தமல்லியும் இருக்கிற அதே திருவள்ளூர் மாவட்டத்தில், வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் 2018 ஜூனில் நடந்தது நினைவிருக்கலாம். இடமாறுதலில் கிளம்பிய ஆங்கில ஆசிரியர் பகவானைப் பிள்ளைகள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். மாறுதலைப் பத்து நாள் நிறுத்திவைத்தார்கள். அவர் யாரையும் அடித்து வீழ்த்தவில்லை. கதை சொன்னார், புரொஜெக்டர் வைத்துப் பாடம் எடுத்தார், பிள்ளைகளின் வீட்டு நிலைமையைத் தெரிந்துவைத்திருந்தார். தலைக்கணக்குப் பார்க்கிற பணிநிரவலுக்கு இது எதுவும் தெரியாது.

நான் படித்த ஒரு பள்ளியில், வீட்டுப்பாடத்துக்கு நடுவில் வேண்டுமென்றே ஒரு சினிமாப் பாட்டை எழுதிவைத்தேன். அதற்கும் சிவப்பு மையில் டிக் விழுந்தது. வகுப்பே சிரித்தது. எனக்கு உள்ளுக்குள் ஏதோ இறங்கிவிட்டது. அடுத்த வருஷம் வந்த கணக்கு சார், தப்பான விடையை அடிக்கமாட்டார். எந்த வரியில் வழி தவறினேனோ அந்த வரியைச் சுழித்துக் கொடுப்பார்.

என் வேலையில், நான் எழுதுகிற கோடை இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். வகுப்பறைக் கதவைச் சாத்தினால் அப்படி யாரும் கிடையாது. நாற்பது பிள்ளைகள்தான் சாட்சி. தங்களுக்குக் கிடைத்தது பாடமா, ஒப்பேற்றலா என்று அவர்களுக்குப் புரியப் பத்து வருஷம் ஆகும். அதனால்தான் அங்கே தொழில் ஒழுங்கும் அறமும் தனித்தனியாக இல்லை. படிக்காமல் போட்ட டிக், ஒரு பொய்.

படம் முடிந்த பிறகு யோசித்துப் பார்த்தேன். தயாளன் பேசிய வசனங்கள் ஞாபகம் இருந்தன. அவர் உட்கார்ந்து நோட்டுத் திருத்தியது மட்டும் ஞாபகத்தில் இல்லை.