தெரிந்தெடுக்கப்பட்டவர் யார்? – டோர்ட் பேரவையை முன்வைத்துச் சில குறிப்புகள்

சென்ற இதழில் கல்வினியம் பற்றி நண்பர் எழுதிய கட்டுரையை இரவு வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஒருதடவையும் காலையில் திரும்பும்போது இன்னொரு தடவையும் வாசித்தேன். இரட்சிக்கப்படுபவர் யார், கைவிடப்படுபவர் யார் என்பதைக் கடவுள் உலகம் உண்டாகுமுன்பே தீர்மானித்துவிட்டார் என்ற முன்குறிப்புக் கோட்பாட்டை, எழுந்துவந்த வர்த்தக வர்க்கத்தின் கருத்துநிலை என்று அவர் முடித்துவிடுகிறார். அதை எதிர்த்த ஆர்மீனியஸை மனித சுதந்திரத்தின் முன்னோடியாக உயர்த்துகிறார். கட்டுரையில் உழைப்பு இருக்கிறது. ஆயினும் இவ்விரு முடிவுகளிலும் எனக்கு உடன்பாடில்லை.

நான் இறையியல் படித்தவனல்ல. சைவக் குடும்பத்தில் பிறந்து, இப்போது எந்தக் கோயிலுக்கும் போகாதவன். ஊரில் வரலாற்று விரிவுரையாளனாக இருந்தபோது யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் ஆட்சியைப் படிப்பித்தேன். கோட்டை, தோம்பு, யானை வியாபாரம், 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அந்த மனிதர்கள் எதை நம்பினார்கள் என்பதை ஒரு வகுப்பிலேனும் சொன்னதில்லை. சோதனையில் அது வருவதில்லை. இன்று அவர்களுடைய நாட்டில் பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடுக்குகிறேன். விட்ட பாடத்தை இப்போதுதான் படிக்கிறேன்.

முதலில் ஆர்மீனியஸ். 1603 முதல் லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த இவரை, நண்பர் ஐந்தாம் நூற்றாண்டுப் பெலாஜியஸோடு குழப்பிவிடுகிறார். மனிதன் தன் சொந்தப் பலத்தால் நன்மையைத் தெரிவுசெய்ய இயலும் என்று ஆர்மீனியஸ் சொல்லவில்லை. அவர் இறந்த மறுவருடம், 1610இல், அவருடைய சீடர்கள் ஐந்து அம்சங்கள் கொண்ட முறையீடு ஒன்றைச் சமர்ப்பித்தார்கள். அதன் மூன்றாவது அம்சமே, கிருபையில்லாமல் மனித சித்தத்தால் ஒன்றும் ஆகாது என்பதுதான். அவர்கள் வேறுபட்ட இடம் மிகச் சிறியது. அந்தக் கிருபையை மனிதன் மறுக்க முடியுமா? முடியும் என்றார்கள் இவர்கள். முடியாது, கடவுள் தெரிந்தெடுத்தவன் வந்தே தீருவான் என்றார்கள் மற்றவர்கள். இந்தச் சிறிய இடைவெளிக்காக ஒரு நாடு உள்நாட்டுப் போரின் வாசல்வரை போயிற்று.

இதை வாசித்தவுடன் எங்களில் பலருக்கு வடகலை, தென்கலைப் பிணக்கும், தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியும் தாய் கௌவிச் செல்லும் பூனைக்குட்டியும் நினைவுக்கு வரும். உவமை ஓரளவுக்கு உதவும். ஆனால் அந்த உவமையில் தாய்ப்பூனை விட்டுவிட்டுப்போன குட்டியைப் பற்றிப் பேச்சில்லை. கல்வினுடைய பூனை சில குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டுப் போகிறது. அது அச்சந்தரும் தீர்ப்பு என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது வெபர். 1904–05இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரையைத்தான் நண்பர் பின்பற்றுகிறார். தான் தெரிந்தெடுக்கப்பட்டவனா என்ற பதற்றம் மனிதனை உழைக்கவும் சேமிக்கவும் தள்ளிற்று என்பது வாதம். வெபரின் முக்கிய சான்றுகள் பிற்கால ஆங்கிலத் தூய்மைவாதிகளிடமிருந்து வந்தவை. எனக்கு முன்னாலிருக்கும் சான்று வேறு. என்னோடு வேலைசெய்யும் முதியவர் ஒருவர் கடும் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். ஞாயிறு இரண்டு ஆராதனைக்கும் தவறாமல் போவார். ஆனால் நாற்பது வருடமாகத் திருவிருந்து மேசைக்குப் போனதில்லை. தான் தெரிந்தெடுக்கப்பட்டவன் என்ற நிச்சயம் இன்னும் கிடைக்கவில்லை என்கிறார். அவருடைய சபையில் பெரும்பாலானோர் அப்படித்தானாம். இந்தப் பதற்றம் அவரை முதலாளியாக்கவில்லை. மேசையிலிருந்து எட்டத்தில் உட்காரவைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கோட்பாட்டின் பிறப்பிடத்தை வர்க்கத்தில் மட்டும் தேடினால் ஒன்று தவறிப்போகும். கல்வின் ஓர் அகதி. பிரான்சிலிருந்து தப்பி 1536இல் ஜெனீவா வந்தார். 1538இல் அங்கிருந்தும் துரத்தப்பட்டு, ஸ்திராஸ்பூர்க்கில் பிரெஞ்சு அகதிகளின் போதகராக இருந்து, 1541இல் திரும்பினார். ஜெனீவா அவருக்குக் குடியுரிமை கொடுத்தது 1559இல். அவர் இறப்பதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்னர்! எங்கள் வாசகர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஒல்லாந்தச் சீர்திருத்தச் சபையும் 1571இல் தன் பேரவையைச் சொந்த மண்ணில் கூட்ட முடியாமல் எம்டன் நகரில்தான் கூட்டியது. ஹைக்கோ ஒபர்மன் என்ற வரலாற்றாசிரியர் இதனை அகதிகளின் சீர்திருத்தம் என்று அழைத்தார். வீடு, ஊர், சபை எல்லாவற்றையும் இழந்தவனுக்கு, 'உன்னை நான் முன்பே அறிந்திருக்கிறேன், எந்த அரசனும் அதை அழிக்கமுடியாது' என்ற சொல் ஆறுதலாக இருந்தது என்பது அவர் வாதம்.

இதை வாசித்தபோது விடை கிடைத்துவிட்டதென்று நினைத்தேன். பிறகு கோமாரஸினதும் ஆர்மீனியஸினதும் வாழ்க்கைகளைப் பார்த்தேன். லைடனில் ஆர்மீனியஸை எதிர்த்து முன்குறிப்பைக் காத்த கோமாரஸ், புரூஜ் நகரில் பிறந்து பெற்றோருடன் யேர்மன் பிரதேசத்துக்கு ஓடிப்போன அகதிப் பிள்ளை. சரி, பொருந்துகிறது. ஆனால் ஆர்மீனியஸ்? 1575இல் ஸ்பானியப் படை அவருடைய ஊரான அவுடவாட்டரை அழித்தபோது தாயும் சகோதரங்களும் கொல்லப்பட்டார்கள். அவர் அப்போது மார்பூர்க்கில் மாணவன். செய்தி கேட்டு ஊருக்குத் திரும்பிப் பார்த்தவர். ஒரே போர், ஒரே எதிரி. ஒருவர், எல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டது என்பதில் ஆறுதல் கண்டார். மற்றவரால் அந்தத் தீர்மானத்தைக் கடவுளின் தலையில் சுமத்த முடியவில்லை. அனுபவத்திலிருந்து கோட்பாட்டுக்கு நேர்கோடு போடும் பழக்கத்தை நண்பரும் நானும் ஒருங்கே கைவிடவேண்டியிருக்கிறது.

கோட்பாடு எங்கே பிறந்தது என்பதைவிட, யாருடைய வாயிலிருந்து, யாரை நோக்கி வருகிறது என்பதே எனக்கு இப்போது முக்கியமாகப் படுகிறது. அகதி தன்னைப் பற்றிச் சொன்னால் அது நன்றி. ஆட்சியிலிருப்பவன் அடுத்தவனைப் பற்றிச் சொன்னால் அது பட்டியல். ஜெனீவாவிலேயே இது தொடங்கிவிட்டது. முன்குறிப்பை மறுத்த பொல்செக் என்ற இன்னொரு பிரெஞ்சு அகதி 1551 டிசம்பரில் நாடுகடத்தப்பட்டார்.

டோர்ட்டில், அதாவது இன்றைய டோர்ட்றெக்டில், இது முழுமையடைந்தது. 1618 நவம்பர் 13இல் பேரவை கூடியது. இங்கிலாந்து, ஜெனீவா, சுவிஸ், யேர்மன் பிரதேசங்களிலிருந்து பிரதிநிதிகள் வந்தார்கள். பிரெஞ்சுப் பிரதிநிதிகளை அவர்களுடைய அரசன் தடுத்ததால் அவர்களுக்குரிய ஆசனங்கள் காலியாகவே கிடந்தன. முறையீட்டாளர்கள் எப்பிஸ்கோப்பியஸ் தலைமையில் வந்தார்கள். சக உறுப்பினராக அல்ல, குற்றஞ்சாட்டப்பட்டவர்களாக. 1619 ஜனவரி 14இல் தலைவர் போகர்மன் அவர்களைச் சத்தமிட்டு வெளியே அனுப்பினார். அவர்களுக்கு ஆதரவாயிருந்த ஓல்டன்பார்னவெல்ட், குடியரசைக் கட்டியெழுப்பியவர்களுள் ஒருவர், அந்த மே 13இல் ஹேக்கில் தலை வெட்டப்பட்டார். வயது 71. குற்றச்சாட்டு அரசியல்தான், ஆனால் பேரவை முடிகிற வாரத்தில் விழுந்தது அந்தத் தலை. சுமார் 200 போதகர்கள் பதவியிழந்தார்கள், பணிய மறுத்தவர்கள் நாடுகடத்தப்பட்டார்கள். அப்படிப் போனவர்கள் 1621இல் வடக்கே பிரீட்றிக்ஸ்டாட் என்ற நகரத்தைக் கட்டியதில் பங்குகொண்டார்கள். அகதிகளின் சபை அகதிகளை உற்பத்திசெய்தது.

இதே பேரவைக்குக் கிழக்கிந்தியப் பகுதியிலிருந்து ஒரு கேள்வியும் வந்திருந்தது. ஒல்லாந்தர் வீடுகளில் வளரும் பிறமதப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா? போதனை பெற்றுத் தாமாக அறிக்கையிடும் வயதுவரை கூடாது என்பது பெரும்பான்மை முடிவு. நாற்பது வருடங்கழித்து, 1658இல், அந்தப் பேரவையின் தீர்மானங்களை ஏற்ற போதகர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். அங்கே நடந்தது என்ன? ஞானஸ்நானமும் திருமணமும் பாடசாலைத் தோம்பில் ஏறின. பதிவில்லாதவனுக்கு உத்தியோகமில்லை. சனங்கள் பெயரைப் பதிந்துவிட்டு வீட்டில் திருநீறு பூசினார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் நீங்கியதும் அந்தச் சபை கரைந்துபோயிற்று. தெரிந்தெடுப்பது கடவுள் மட்டுமே என்று சத்தியம்பண்ணியவர்கள், எங்கள் ஊரில் அதைத் தோம்பு எழுதுபவனிடம் கொடுத்திருந்தார்கள். தோம்பைப் பற்றி இத்தனை வருடம் விரிவுரை செய்தவனுக்கு இது தெரியாமல் இருந்தது.

நண்பரின் சுதந்திர சித்தத்துக்கும் வருகிறேன். 2009இல் முகாமில் என்னோடு அறையில் இருந்த வடமராட்சிப் பொடியனுக்கும் எனக்கும் ஒரே வாரத்தில் கடிதம் வந்தது. எனக்கு வதிவிட அனுமதி, அவனுக்கு நிராகரிப்பு. ஜெபக் கூட்டம் நடத்தும் தமிழர் ஒருவர் வந்து என் கையைப் பிடித்து, "அண்ணை, கர்த்தர் உங்களைத் தெரிந்துகொண்டார்" என்றார். மேல்கட்டிலில் அவன் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தான். எனக்கு ஆத்திரம் வந்தது.

இரவு அவன், "சேர், நான் எங்கை பிழைவிட்டனான்?" என்று கேட்டான். நான் அவனுடைய வாக்குமூலத்தை வாங்கி, சிவப்புப் பேனையால் திகதிகளைக் கோடிட்டு, இங்கே முரண், இங்கே தெளிவில்லை என்று விடைத்தாள் திருத்துவதுபோலத் திருத்திக் கொடுத்தேன். தன் கதையைத் தானே கெடுத்துக்கொண்டேன் என்று அவன் நம்பியது அந்த இரவில்தான். ஆர்மீனியஸ் இப்படிச் சொன்னவரல்ல. ஆனால் நண்பர் வாசித்ததுபோல அவரை வாசித்தால், எல்லாம் உன் கையில் என்று வாசித்தால், வந்துசேரும் இடம் இதுதான். ஜெபக்காரர் எனக்குச் செய்ததைவிட நான் அவனுக்குச் செய்தது கொடியது.

நண்பர் அடுத்த இதழில் எராஸ்மஸ், லூதர் விவாதத்தை எழுதப்போவதாக அறிவித்திருக்கிறார். எராஸ்மஸின் 1524ஆம் ஆண்டு நூலைப் புகழ்வது இலகு. 1525இல் லூதர் எழுதிய பதிலின் கடைசிப் பகுதியையும் பொறுமையாக வாசிக்கும்படி கேட்கிறேன். சுதந்திர சித்தத்தைத் தந்தாலும் தனக்கு வேண்டாம், போதுமான அளவு செய்தேனா என்ற கேள்வியிலிருந்து அப்போது தனக்கு ஒருநாளும் விடுதலையிராது என்கிறார் அவர். அந்த மனிதரை மறுத்து எழுதுங்கள். நானும் மறுக்கவே விரும்புகிறேன்; இதுவரை எனக்கு இயலவில்லை.