வழிநூலும் வழுநூலும்
வீடியோ கேம் பெயர்ப்புகள் பற்றி ஒரு பாத்திரக் கடைக்காரரின் திறனாய்வு

நமது சங்க மலருக்கு வருஷா வருஷம் நான் எழுதுவது பழைய ஏடுகளைப் பற்றி, சமணக் காப்பியங்களைப் பற்றி. இந்த ஆண்டு என்ன தலைப்பு என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, "வீடியோ கேம்" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஐயா, நீங்களா?" என்றார்கள். நானேதான். அறுபதைத் தாண்டியவனுக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் நினைக்கலாம். கட்டுரையைக் கடைசிவரை படித்துவிட்டு முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

காரணம் என் பேரன். எட்டாம் வகுப்பு படிக்கிறான். பிறந்தநாளுக்கும் பொங்கலுக்கும் கிடைத்த பணத்தைச் சேர்த்து வைத்து, இங்கே வைட்ஃபீல்டில் ஒரு கடையில் ஒரு விளையாட்டு டிஸ்க் வாங்கினான். விளையாட்டின் பெயரும் கடையின் பெயரும் வேண்டாம். புதிய கருவிக்கும் பழைய கருவிக்கும் சேர்த்து வெளியிட்ட விளையாட்டு அது. எங்கள் வீட்டில் இருப்பது பழையது. ஒரு மணி நேரத்தில் மனிதர்களின் முகம் காணாமல் போயிற்று, தெரு பாதியில் நின்றது, பிறகு எல்லாமே உறைந்துவிட்டது. நானே அவனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். "சீல் உடைச்சாச்சு சார், திருப்பி எடுக்க மாட்டோம். அப்டேட் வரும், வெயிட் பண்ணுங்க" என்றார்கள். வழியில் பையன் அழவில்லை. "போர்ட் சரியில்ல தாத்தா, அவ்வளவுதான்" என்றான். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் கேட்டும் படித்தும் அறிந்ததே இக்கட்டுரை.

போர்ட் என்பது என்ன?

ஒரு கருவிக்கென்று எழுதிய விளையாட்டை வேறொரு கருவியில் ஓடும்படி மாற்றி எழுதுவதைப் போர்ட் என்கிறார்கள். நான் 'பெயர்ப்பு' என்கிறேன். இது நகல் எடுக்கிற வேலை இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் கணக்கிடும் வேகம் வேறு, நினைவகம் வேறு, படம் வரையும் முறை வேறு. என் தொழிலில் சொன்னால், ரசம் ஒன்றுதான். ஆனால் ஈயச்சொம்பில் வைக்கிற பக்குவம் வேறு, எவர்சில்வரில் வைக்கிற பக்குவம் வேறு. ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் ஏற்றினால் சொம்பே உருகிப் போகும். தெரிந்து செய்ய வேண்டிய காரியம்.

தொல்காப்பியர் மரபியலில் முதல்நூல், வழிநூல் என்று பிரிக்கிறார். வழிநூல் நான்கு வகைப்படும்: தொகுப்பது, விரிப்பது, தொகையும் விரியுமாகச் செய்வது, மொழிபெயர்ப்பது. இந்த விளையாட்டுப் பெயர்ப்புகளின் கதைகளைக் கேட்டபோது எனக்கு முதலில் நினைவு வந்தது இந்த நான்கும்தான். எந்த வகையில் எங்கே வழு நேர்ந்தது என்று வரிசையாகப் பார்ப்போம்.

1. தொகுத்தல்: பேக்-மேன்

ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1980-ல் காசு போட்டு ஆடும் பெட்டியாக வெளியிட்ட விளையாட்டு பேக்-மேன். அதை அமெரிக்க நிறுவனமான அட்டாரி தன் வீட்டுக் கருவியான 2600-க்கு 1982-ல் கொண்டுவந்தது. அந்தக் கருவியின் தற்காலிக நினைவகம் 128 பைட், கார்ட்ரிஜ் வெறும் 4 கிலோபைட். தனித்தனியாக நகரும் உருவங்கள் இரண்டைத்தான் அது எளிதாக வரையும். விளையாட்டிலோ நான்கு பேய்கள். எழுதியவர் டாட் ஃப்ரை. அவர் பேய்களை முறை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். விளைவு, பேய்கள் மின்னி மின்னி மறைந்தன. புள்ளிகள் கோடுகளாயின, பழம் ஒரு சதுரக் கட்டியாயிற்று.

இது 'குன்றக் கூறல்' என்னும் குற்றம். ஆனால் கருவி சின்னது என்று பழியைக் கருவி மேல் போட முடியாது. அதே கருவிக்கு அடுத்து வந்த மிஸ் பேக்-மேன் 8 கிலோபைட்டில் எழுதப்பட்டது. பழம் பழமாகவே தெரிந்தது, ஆட்டமும் மூலத்துக்கு நெருக்கமாக இருந்தது. நாலு கிலோபைட் செலவு கூடியதில் நாணயம் மிஞ்சியது! பேக்-மேன் 70 லட்சத்துக்கும் மேல் விற்றதாம். ஆனாலும் அட்டாரி அதைவிட மிக அதிகமாகச் செய்து குவித்தது. விற்காத சரக்கை 1983-ல் நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014-ல் தோண்டிப் பார்த்தபோது பேக்-மேனும் கிடைத்தது. சரக்கைக் குழியில் போட்டு மூடுகிற நிலை எந்த வியாபாரிக்கும் வரக்கூடாது.

2. விரித்தல்: மூன்று நகரங்கள்

நம் வீட்டுப் பிள்ளைகள் பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்கு கொடுத்து ஆடிய வைஸ் சிட்டி பலருக்கு நினைவிருக்கும். ஜி.டி.ஏ. 3 (2001), வைஸ் சிட்டி (2002), சான் ஆண்ட்ரியாஸ் (2004) ஆகிய மூன்றையும் புதுப்பித்து ராக்ஸ்டார் நிறுவனம் 2021 நவம்பர் 11 அன்று ஒரே தொகுப்பாக வெளியிட்டது. வேலையைச் செய்தது குரோவ் ஸ்ட்ரீட் கேம்ஸ் என்ற வெளி நிறுவனம். பழைய மங்கலான படங்களைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் வேலையை எந்திர அறிவிடம் விட்டார்கள். கடைப் பலகைகளில் எழுத்துப்பிழைகள் மலிந்தன. மழை பெய்தால் கண்ணை மறைக்கும் வெள்ளைக் கோடுகள்.

ஒரு சிறு உதாரணம், என் மனதை விட்டு அகலாதது. சான் ஆண்ட்ரியாஸில் 'டஃப் நட்' என்றொரு டோனட் கடை. டோனட்டிலும் நட் இருக்கிறது, இரும்பு நட்டிலும் நட் இருக்கிறது. இந்தச் சிலேடைக்காகக் கடையின் மேல் ஆறு மூலை உள்ள பெரிய நட் ஒன்றை வைத்திருந்தார்கள். புதிய பதிப்பில் மூலைகளை எல்லாம் வழவழப்பாக்கி அதை உருண்டை வளையம் ஆக்கிவிட்டார்கள். அழகுபடுத்தியதாக நினைப்பு, சிலேடை செத்தது. பொருள் தெரியாமல் ஏட்டைத் திருத்தி எழுதியவர்கள் நம் இலக்கியத்துக்குச் செய்ததும் இதுதானே?

இன்னொன்று. பழைய விளையாட்டில் தூரத்தில் எப்போதும் ஒரு மூட்டம் இருக்கும். கருவியின் இயலாமையை மறைக்க வந்த மூட்டம், ஊர் மிகப் பெரிது என்ற எண்ணத்தையும் தந்தது. புதியதில் அதை நீக்கியதும், மலைமேல் நின்றால் மொத்த நாடும் கைக்குட்டை அளவில் தெரிந்தது. 'மிகைபடக் கூறல்' என்ற குற்றத்துக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஒரு வாரத்தில் ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டது. விற்பனையிலிருந்து எடுத்துவிட்ட பழைய பதிப்புகளைக் கணினிக்குத் திரும்பக் கொடுத்தது. 2024-ல் வந்த திருத்தத்தில்தான் பழைய வான வெளிச்சம் மீண்டது.

உ.வே.சா. அவர்கள் சீவக சிந்தாமணியை 1887-ல் பதிப்பிக்கும் முன் பல ஏடுகளை ஒப்பிட்டார். விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டார். நூலோடு வாழ்கிறவர்களைக் கேட்டார் என்பதே அதில் நாம் கவனிக்க வேண்டியது. இந்த மூன்று நகரங்களிலும் இருபது வருஷமாக வாழ்ந்த பிள்ளைகள் உலகமெங்கும் இருந்தார்கள். அவர்களில் பத்துப் பேரை உட்காரவைத்துக் காட்டியிருந்தால் அந்த நட் தப்பியிருக்கும்.

3. தொகைவிரி: சைபர்பங்க் 2077

போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2020 டிசம்பர் 10-ல் வெளியிட்ட விளையாட்டு இது. வலுவான கணினிக்கு விரித்தும், 2013-ல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளுக்குத் தொகுத்தும் ஒரே நாளில் தந்தார்கள். கணினியில் நன்றாகவே இருந்தது. பழைய கருவியில் ஓடவே திணறியது. ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் மறுபடி வைத்தது. பணம் திருப்பித் தரப்பட்டது.

எனக்குப் பெரிய குற்றமாகப் படுவது வேறு. வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுத்தது கணினிப் பதிப்பு மட்டும். மூட்டையின் மேல்பக்கம் நல்ல புளியைக் காட்டிவிட்டு அடியிலிருந்து அள்ளிப் போடுவதை எங்கள் சந்தையில் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்று இங்கே எழுத முடியாது.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே நிறுவனம் 2025 ஜூனில் கையடக்கமான நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு இதே விளையாட்டைக் கொண்டுவந்து பாராட்டுப் பெற்றது. ஆக, அவர்களுக்குச் செய்யத் தெரியாமல் இல்லை.

4. மொழிபெயர்ப்பு: ஆர்க்கம் நைட்

சின்னக் கருவியிலிருந்து பெரிய கருவிக்குப் போவது எளிது என்று நினைப்போம். 2015 ஜூனில் வந்த பேட்மேன்: ஆர்க்கம் நைட் அதைப் பொய்யாக்கியது. கன்சோல்களில் பிரமாதமாக ஓடியது, விலை உயர்ந்த கணினிகளில் விக்கி விக்கி நின்றது. கன்சோல் என்றால் எல்லார் வீட்டிலும் ஒரே பெட்டி. கணினி வீட்டுக்கு வீடு வேறு. அந்த மொழியைத் தனியாகக் கற்று எழுத வேண்டும். வேலையை வெளியே கொடுத்திருந்தார்கள். வெளியிட்ட சில நாட்களிலேயே வார்னர் பிரதர்ஸ் விற்பனையை நிறுத்தி, அக்டோபர் கடைசியில்தான் மீண்டும் விற்றது.

நல்ல வழிநூல் உண்டா?

உண்டு. ரெசிடென்ட் ஈவில் 2 பிளேஸ்டேஷனில் இரண்டு குறுந்தகடுகளில் வந்தது. அதை ஏஞ்சல் ஸ்டூடியோஸ் 1999-ல் நின்டெண்டோ 64-ன் 64 மெகாபைட் கார்ட்ரிஜ் ஒன்றில் அடக்கியது. காணொளிகளைக்கூட விடவில்லை, சுருக்கி, தரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, கதையைக் காப்பாற்றினார்கள். எதை விடலாம், எதை விடவே கூடாது என்று தெரிந்தவர்கள். வடமொழி இரத்தினகரண்டகத்தின் வழியில் தமிழில் அருங்கலச்செப்பு செய்தவரும் அப்படித்தான். அதைக் குறள் வெண்பாவில் அடக்கினார். படிக்கிறவனுக்கு அது தமிழ் நூல்தான்.

பழி யார்மேல்?

1995-ல் டூம் என்ற விளையாட்டை 3டிஓ கருவிக்கு மாற்றும் வேலை ரெபேக்கா ஹைன்மன் என்பவரிடம் வந்தது. வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது என்ற நம்பிக்கையில் ஏற்றார். உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. தனி ஆளாகப் பத்தே வாரத்தில் முடித்துக் கொடுத்தார். திரையைச் சுருக்கினால்தான் ஓரளவு வேகமாக ஓடும் என்ற நிலையில் அது கடைக்கு வந்தது. மோசமான பெயர்ப்பு என்று பெயர் எடுத்தது. பத்து வாரத்தில் அது ஓடியதே அதிசயம் என்பது பின்னால்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

இதை வைட்ஃபீல்ட் வாசகர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். 1997-ல் ராஜேஷ் ராவ் பெங்களூரில் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், வெளிநாட்டு விளையாட்டுகளுக்கு உருவங்களும் கார்களும் செய்து கொடுத்து வளர்ந்தது. 2019-ல் ராக்ஸ்டார் அதை வாங்கியது. இந்தத் தொழில் நம் ஊரில், நம் பிள்ளைகள் கையில் இருக்கிறது. மேலே இருப்பவர் தேதி குறிப்பார். கீழே இருக்கும் பையன் ராத்திரி பகலாகச் செய்வான். குறை வந்தால் உலகம் அவனைத் திட்டும். வாங்கி ஏமாந்த பேரனும் செய்து களைத்த இளைஞனும் நம் வீட்டுப் பிள்ளைகளே. அதனால் என் திறனாய்வு எழுதியவனை நோக்கியது அல்ல. தேதி குறித்து, தெரிந்தே விற்றவனை நோக்கியது.

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் திருட்டு என்பதற்குள் அடங்கும் ஐந்து மீறல்களைச் சொல்கிறது. அதில் ஒன்று குறைந்த அளவையால் அளப்பது. இன்னொன்று 'பிரதிரூபக வியவகாரம்', அசலைப் போன்ற ஒன்றை அசலென்று விற்பது. பூட்டை உடைப்பது மட்டும் களவல்ல என்பது வியாபாரிக்குச் சொன்ன பாடம். ஓடாத பெயர்ப்பை அதே அட்டைப் படம் போட்டு, அதே விலைக்கு விற்பதை வேறு எந்தக் கணக்கில் சேர்ப்பது? 'பிறகு திருத்தித் தருகிறோம்' என்கிறார்கள். ஓட்டைக் குடத்தை விற்றுவிட்டு, "எடுத்துட்டுப் போங்கம்மா, ஆறு மாசத்துல அடைச்சுத் தரேன்" என்று நான் சொன்னால் என் கடைப் படி யார் ஏறுவார்கள்?

வாசகர்களுக்கு என் வேண்டுகோள் எளிது. புது விளையாட்டு வெளிவந்த அன்றே வாங்க வேண்டாம். உங்கள் வீட்டில் இருக்கும் கருவியிலேயே அது எப்படி ஓடுகிறது என்று கேட்டு, ஒரு மாதம் பொறுத்து வாங்குங்கள். பிள்ளை ஆட்டத்தில் குறை சொன்னால் 'விளையாட்டுத்தானே' என்று தள்ளாதீர்கள். அசல் எது, பெயர்ப்பு எது, எங்கே வழு என்று காண்கிற கண் அது. அந்தக் கண் நாளைக்கு ஏட்டிலும் இறங்கும்.

என் பேரன் அந்த டிஸ்கைத் தூக்கிப் போடவில்லை. திருத்தம் வரும் என்று இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறான். வருமா தாத்தா என்று கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை. சிந்தாமணி அச்சேறக் காத்த கதையைச் சொன்னேன். "அவ்வளவு நாளா?" என்றான்.